குண்டும் தீக்குடுக்கையும்: பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியப் போர்களில் பீரங்கி எறிபொருள் வகைகள்

முன்னுரை

கருநாடகப் போர்கள், மைசூர்ப் போர்கள், பாளையக்காரர் போர்கள் ஆகியவற்றைக் கூறும் தமிழ் வரலாற்று நூல்களில் 'பீரங்கிக் குண்டுகள் பொழிந்தன', 'குண்டுமழையால் கோட்டை தகர்ந்தது' என்பன போன்ற தொடர்கள் மீண்டும் மீண்டும் இடம்பெறக் காணலாம். இத்தொடர்களைப் படிக்கும் இன்றைய வாசகர் மனத்தில், விழுந்த இடத்தில் வெடித்துச் சிதறும் ஒரு பொருளே தோன்றுகிறது. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் தென்னிந்தியக் களங்களில் எறியப்பட்ட பீரங்கிக் குண்டுகளுள் பெரும்பான்மை வெடிக்கும் இயல்புடையன அல்ல. அவை உள்ளீடற்ற வெற்றிடம் எதுவுமின்றி வார்க்கப்பட்ட திண்ணிய இரும்பு உருண்டைகள். வெடிப்பவை வேறு, தெறிப்பவை வேறு, எரிப்பவை வேறு. ஒவ்வொன்றுக்கும் உரிய தொலைவும் இலக்கும் பயனும் வெவ்வேறாக இருந்தன.

போர் நிகழ்ச்சி ஒன்றைப் பற்றிய பதிவில் 'குண்டு' என்ற சொல் வரும்போது, அது எவ்வகைக் குண்டு என்ற கேள்வியை எழுப்பாமல் அப்பதிவை முழுமையாகப் பொருள்கொள்ள இயலாது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். எறிபொருளின் வகை தெரிந்தால் எறிந்தவர் நோக்கம் தெரியும். அவர் நின்ற தொலைவு தெரியும். தாக்கப்பட்டது சுவரா, படைவரிசையா, குடியிருப்பா என்பதும் தெரியும். எனவே இது கருவிகளைப் பற்றிய ஆராய்ச்சி மட்டுமன்று. அக்கருவிகளின் முன் நின்ற மனிதர்களைப் பற்றிய ஆராய்ச்சியும் ஆகும். 1748 முதல் 1801 வரையிலான காலப்பகுதி இங்கு ஆய்வெல்லையாகக் கொள்ளப்படுகிறது.

1. சொற்களும் பொருள்களும்

போர்க்கருவி சார்ந்த தமிழ்ச் சொற்கள் மூன்று வழிகளில் வந்துள்ளன. ஏற்கெனவே வழக்கிலிருந்த சொற்கள் புதுப்பொருள் ஏற்றவை முதல்வகை. 'குண்டு' என்பது உருண்டை வடிவுடைய எதனையும் குறித்த சொல். தாலியில் கோக்கும் பொன்மணியும் குண்டே. அச்சொல் பீரங்கியின் உருண்டைக்கும் ஆகிவந்தது. 'மருந்து' என்ற சொல் வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றின் கலவையைக் குறிக்கத் தொடங்கியதும் இவ்வகையே. நோய் தீர்க்கும் பொருளுக்கும் உயிர் போக்கும் பொருளுக்கும் ஒரே பெயர் அமைந்ததற்குக் காரணம், இரண்டும் அளவறிந்து கலந்து இடிக்கப்பட்டவை என்பதாகலாம்.

பிறமொழிகளிலிருந்து வந்தவை இரண்டாம் வகை. 'பிராங்க்' என்னும் ஐரோப்பிய இனப்பெயர் அரபு, பாரசீக மொழிகளில் 'ஃபிரங்கி' எனத் திரிந்தது. தமிழில் அதே மூலத்திலிருந்து இரண்டு சொற்கள் பிறந்தன: ஆளைக் குறித்தது 'பறங்கி', அவன் கொணர்ந்த கருவியைக் குறித்தது 'பீரங்கி'. 'தோட்டா' என்பது இந்துஸ்தானி வழியாக வந்தது.

பொருளின் அமைப்பை நோக்கித் தமிழர் தாமே புனைந்தவை மூன்றாம் வகை. இவற்றுள் தலையாயது 'தீக்குடுக்கை'. பழைய அகராதிகள் வெடித்துச் சிதறும் குண்டுக்கு இச்சொல்லைத் தருகின்றன. குடுக்கை என்பது சுரை, தேங்காய் முதலியவற்றின் உட்பகுதியை நீக்கிக் குடைந்த கலம். உள்ளே வெற்றிடமும், அவ்வெற்றிடத்தில் மருந்தும், மேலே ஒரு துளையும் உடைய இரும்புக்கோளம் உருவத்தாலும் அமைப்பாலும் குடுக்கையையே ஒத்தது. ஆங்கிலத்தில் ஓட்டைக் குறிக்கும் 'ஷெல்' என்ற சொல் இப்பொருளுக்கு ஆனதும் இதே ஒப்புமையால்தான். இரு மொழியினரும் ஒரு பொருளைத் தனித்தனியே நோக்கி ஒரே முடிவுக்கு வந்துள்ளனர்.

ஆகவே குண்டு வேறு, குடுக்கை வேறு என்ற பகுப்பு தமிழுக்குப் புதிதன்று. பின்னாளில் 'வெடிகுண்டு' என்ற தொடர் பெருவழக்குப் பெற, தீக்குடுக்கை வழக்கொழிந்தது. அதன்பின் திண்ணிய குண்டும் வெடிக்கும் குடுக்கையும் ஒரே சொல்லுள் அடங்கிவிட்டன. இக்கட்டுரையில் திண்ணிய இரும்பு உருண்டை 'திண்குண்டு' எனவும், வெடிப்பது அதன் பழம்பெயராலும் குறிக்கப்படுகின்றன.

2. திண்குண்டு

திண்குண்டு வார்ப்பிரும்பால் ஆனது. பீரங்கிகளுக்கு அவை எறியும் குண்டின் எடையைக் கொண்டே பெயரிட்டனர். 6 இறாத்தல், 12 இறாத்தல் பீரங்கிகள் படையோடு செல்லத்தக்கவை. 18, 24 இறாத்தல் பீரங்கிகள் முற்றுகைக்கு உரியவை. 24 இறாத்தல் குண்டு ஏறத்தாழ 11 கிலோகிராம் எடையும் 14 சென்டிமீட்டர் விட்டமும் கொண்டது. இதன் அழிவாற்றல் முழுவதும் எடையாலும் விரைவாலும் விளைவதே, வெடிப்பால் அன்று.

கோட்டைச் சுவரை உடைப்பது இதன் முதற்பணி. ஒரு குண்டால் சுவர் இடிவதில்லை. பல பீரங்கிகளை ஓரிடத்தில் நிறுத்தி, சுவரின் குறிப்பிட்ட ஒரு பகுதியை மட்டும் நாள்கணக்கில் இடைவிடாது தாக்குவர். கற்கள் பிளந்து, உள்ளிருக்கும் மண் சரிந்து, காலாட்படை ஏறத்தக்க சரிவாக அமையும்போது அதனை உடைப்பு என்பர். உடைப்பு ஏறத்தக்கதா என்பதைப் பொறியாளர் கணித்த பின்னரே தாக்குதல் ஆணை பிறக்கும். 1799இல் சீரங்கப்பட்டணத்தில் நிகழ்ந்தது இதுவே. காவிரிக்கு அப்பாலிருந்து கோட்டையின் மேற்குப்பகுதிச் சுவரைத் தாக்கிய பீரங்கிகள் மே மாதத் தொடக்கத்தில் உடைப்பை உண்டாக்கின. மே 4ஆம் நாள் நண்பகலுக்குப் பின் படை உட்புகுந்தது. திப்பு சுல்தான் அன்று களத்தில் வீழ்ந்தார்.

திறந்த வெளிப்போரில் திண்குண்டு வேறு வகையில் பயன்பட்டது. இறுகிய தரையில் தாழ்வாகச் சுடப்பட்ட குண்டு, நீர்மேல் எறிந்த தட்டைக்கல்போலத் தத்தித்தத்திச் செல்லும். அணிவகுத்து நின்ற படைவரிசையின் பக்கவாட்டிலிருந்து சுட்டால் ஒரே குண்டு பலரை வீழ்த்தும். தரையில் மெல்ல உருள்வதுபோல் தோன்றும் குண்டும் காலை முறிக்கும் வலிமையுடையது. மழையால் நனைந்த வயலிலோ குண்டு தத்தாமல் சேற்றில் புதையும். வடகிழக்குப் பருவமழை கருநாடகப் போர்களின் காலக்கணக்கைத் தீர்மானித்ததற்கு வழி, உணவு, நோய் ஆகியவற்றோடு மருந்தின் ஈரமும் நிலத்தின் சேறும் காரணங்களாயின.

திண்குண்டின் கிளைவகைகள் சில உண்டு. உலையில் செஞ்சூடேற்றி, மருந்துக்கும் குண்டுக்கும் இடையே ஈரத்தக்கையை வைத்துச் சுடுவது செங்குண்டு. இது மரக்கப்பல்களையும் கிடங்குகளையும் எரிக்க உதவியது. 1782இல் ஜிப்ரால்டர் முற்றுகையில் ஆங்கிலேயர் இதனால் எதிரியின் மிதவைப் பீரங்கி மேடைகளை எரித்தனர். இரு பாதிக்குண்டுகளைச் சங்கிலியாலோ தண்டாலோ பிணைத்துச் சுடுவது கப்பலின் பாய்மரக் கயிறுகளை அறுப்பதற்குரியது. நிலப்போரில் அதற்கு வேலையில்லை.

3. தீக்குடுக்கை

சுவரை உடைக்காமல் சுவருக்கு மேலாக எறிந்து உள்ளிருப்பதை அழிக்கும் தேவையே தீக்குடுக்கையைத் தோற்றுவித்தது. இதனை எறியும் மார்ட்டர் குறுகிய, அகன்ற வாயுடைய பீரங்கி. இதன் வாய் வானத்தை நோக்கியிருக்கும். குடுக்கை உயரே சென்று, வளைந்து, செங்குத்தாக இறங்கும். ஆகவே எவ்வளவு உயர்ந்த மதிலும் இதற்குத் தடையன்று. ஹவிட்சர் என்பது மார்ட்டருக்கும் நீண்ட பீரங்கிக்கும் இடைப்பட்டது.

தீக்குடுக்கையின் உயிர்நிலை அதன் திரி. மெல்ல எரியும் கலவையை மரக்குழலில் இறுக அடைத்து, கோளத்தின் துளையில் பொருத்துவர். குடுக்கை எவ்வளவு நேரம் வானில் இருக்கும் என்பதைக் கணித்து, அதற்கேற்ப மரக்குழலின் நீளத்தைக் குறைப்பர். திரி குறுகினால் வானிலேயே வெடிக்கும். நீண்டால் தரையில் கிடந்து புகையும். அவ்விடைவெளியில் அருகிலிருப்பவர் ஓடி ஒளியவோ, துணிந்தவர் திரியை அணைக்கவோ இயலும். மென்மையான மணலில் புதைந்தால் வெடிப்பின் விசை பெரிதும் அடங்கும். இரவில் திரியின் பொறி வானில் ஒரு கோடுபோலத் தெரியும். முற்றுகைக்கு உட்பட்ட நகரத்தார் அக்கோட்டைப் பார்த்தே விழுமிடத்தை ஊகித்தனர்.

மார்ட்டரால் குறிப்பிட்ட ஒரு மனிதனையோ ஒரு பீரங்கியையோ குறிவைப்பது கடினம். குறிவைக்கத்தக்கது பரப்பு மட்டுமே: வீடுகள், கிடங்குகள், தெருக்கள். ஆகவே ஒரு முற்றுகையில் தீக்குடுக்கை மிகுதியாக எறியப்பட்டது என்றால், சுவரைவிடச் சுவருக்குள் வாழ்வோரே இலக்கானார் என்று கொள்ள இடமுண்டு. எரிபொருள் நிரப்பிய, பல துளைகளையுடைய 'கார்க்கஸ்' என்ற வகையும் மார்ட்டரால் எறியப்பட்டது. அது வெடிப்பதற்கன்று, கூரைகளை எரிப்பதற்கு.

4. அண்மைத் தாக்குதலுக்குரியவை

எதிரி மிக அருகே வந்துவிட்டபோது ஒற்றைக் குண்டால் பயன் குறைவு. அப்போது பீரங்கியே ஒரு பெரிய சிதறுதுப்பாக்கியாக மாற்றப்படும். சிறு இரும்பு உருண்டைகளைக் கித்தான் பையில் அடுக்கிக் கயிற்றால் வரிந்து கட்டினால் அது திராட்சைக்குலைபோலத் தோன்றும்; அப்பெயராலேயே ஆங்கிலத்தார் 'கிரேப்' என்றனர். அதனினும் சிறிய உருண்டைகளைத் தகரக்குழலில் நிரப்புவது 'கேனிஸ்டர்'. பீரங்கி வாயை விட்டு நீங்கியதும் தகரம் கிழிந்து உருண்டைகள் விசிறிபோல் விரியும். சில நூறு கெஜம் தொலைவுக்குள் மட்டுமே இதன் ஆற்றல் நிலைக்கும். ஆகவே ஒரு போர்ப்பதிவில் இவ்வகை சுடப்பட்டதாகக் காணப்பட்டால், இரு படைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் காணுமளவுக்கு நெருங்கிவிட்டன என்று உய்த்துணரலாம்.

இச்சிறு உருண்டைகளைத் தொலைவுக்குக் கொண்டுசென்று வானில் சிதறச் செய்யும் வழியை 1784 முதல் ஆராய்ந்தவர் ஆங்கிலப் பீரங்கிப்படை அதிகாரி ஹென்றி ஷ்ராப்னல். அவர் செய்த குண்டைப் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்டது 1803இல். போரில் முதன்முதல் பயன்படுத்தியது 1804இல், சூரினாமில். எனவே 1799, 1801 ஆண்டுகளின் பாளையக்காரர் போர்களில் அதற்கு இடமில்லை. அப்போர்களைப் பற்றிய பிற்காலப் புனைவுகளில் வானில் வெடித்துச் சிதறும் குண்டுகள் வருமாயின் அவை காலவழுவே.

5. வாணம்

ஐரோப்பியரிடமிருந்து வராத எறிபொருள் ஒன்று இக்காலத்தில் தென்னிந்தியாவில் சிறந்து விளங்கியது. வாணம் அல்லது பாணம் என்று அழைக்கப்பட்ட அது, அம்பைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்த பெயருடையது. திருவிழாக்களில் வானை நோக்கிச் சென்ற இப்பொருள், ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோர் படையில் மனிதரை நோக்கிச் சென்றது. மூங்கிலுக்கோ தாளுக்கோ மாறாக இரும்புக்குழலில் மருந்தை அடைத்ததே மைசூர் வாணத்தின் தனிச்சிறப்பு. இரும்பு உள்ளழுத்தத்தைத் தாங்கியதால் வாணம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு செல்ல முடிந்தது. வால்போல நீண்ட மூங்கிற்கழியோ வாட்தகடோ அதன் போக்கை ஓரளவு நிலைப்படுத்தியது.

1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தபோது, அப்படையின் மருந்துவண்டிகள் வெடித்தது போரின் திருப்புமுனையாயிற்று. வெடிக்கச் செய்தது வாணமா, பீரங்கிக் குண்டா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியத்தில் அவ்வண்டி வெடிக்கும் காட்சி போர்க்களத்தின் நடுவே தீட்டப்பட்டுள்ளது. 1799 மே 2ஆம் நாள் இதன் மறுதலை நிகழ்ந்தது: ஆங்கிலேயர் எறிந்த குண்டொன்று கோட்டைக்குள்ளிருந்த வாணக்கிடங்கில் விழ, அது பேரோசையுடன் வெடித்தது.

வாணத்தின் குறை அதன் குறியின்மை. ஆனால் குதிரைகளையும் வண்டிமாடுகளையும் கலைப்பதற்கும், இருளில் படையை நிலைகுலையச் செய்வதற்கும் துல்லியம் தேவையில்லை. போருக்குப் பின் மைசூர் வாணங்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவற்றைத் தொடர்ந்தே வில்லியம் காங்ரீவ் தம் ஆய்வுகளை நிகழ்த்தி, 1805ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரித்தானியப் படைக்கு வாணத்தை உருவாக்கினார். 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நகர என்னும் ஊரின் பாழ்ங்கிணறு ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு வாணக்குழல்கள் கண்டெடுக்கப்பட்டன. ஆவணங்களை மட்டும் நம்பியிருந்த ஆய்வுக்கு இக்கண்டுபிடிப்பு பொருட்சான்று நல்கியது.

6. சென்னை முற்றுகையின் கணக்கு (1758–59)

எறிபொருள் வகைகளைப் பிரித்து அறிவதால் விளையும் பயனைக் காட்டத் தக்க சான்று சென்னை முற்றுகை. லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை 1758 டிசம்பர் 14ஆம் நாள் கறுப்பர் நகரத்துள் புகுந்தது. 1759 பிப்ரவரி 17இல் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பியது. சென்னை ஆட்சிக்குழுவில் உறுப்பினராக இருந்த ராபர்ட் ஓர்ம், தம் வரலாற்று நூலின் 1778இல் வெளிவந்த இரண்டாம் தொகுதியில், முற்றுகையின் முடிவில் எடுக்கப்பட்ட கணக்கைத் தருகிறார். அதன்படி ஜார்ஜ் கோட்டையிலிருந்து பீரங்கிகளால் 26,554 முறை சுடப்பட்டது; மார்ட்டர்களால் 7,502 தீக்குடுக்கைகள் எறியப்பட்டன; 1,990 கையெறி குண்டுகள் வீசப்பட்டன; துப்பாக்கிகளுக்கு 2,00,000 தோட்டாக்கள் செலவாயின. இவற்றுக்கு 1,768 பீப்பாய் மருந்து தேவைப்பட்டது. முடிவில் எஞ்சியவை 30,764 திண்குண்டுகள், 481 தீக்குடுக்கைகள், 668 பீப்பாய் மருந்து.

இக்கணக்கு வணிகர் ஒருவரின் இருப்பேடுபோலத் தோன்றினும் மூன்று செய்திகளை உணர்த்துகிறது.

முதலாவது, சுட்டதைவிட மிகுதியான திண்குண்டுகள் கோட்டையில் எஞ்சின. தீக்குடுக்கைகளோ எறிந்தவற்றில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எஞ்சின. இதன் காரணத்தை ஓர்ம் தரும் மற்றொரு குறிப்பு விளக்குகிறது. கோட்டையார் செலவிட்ட அளவுக்கு ஈடான பகைவர் குண்டுகள் முற்றுகை மேடைகளிலும் கோட்டையைச் சுற்றியும் கறுப்பர் நகரக் கிணறுகளிலும் குளங்களிலும் பொறுக்கியெடுக்கப்பட்டன என்பது அக்குறிப்பு. திண்குண்டு அழிவதில்லை. இன்று எதிரி எறிந்ததை நாளை அவனிடமே திருப்பியெறியலாம். தீக்குடுக்கை ஒருமுறை வெடித்தால் இல்லை. எனவே அதன் இருப்பே ஒரு முற்றுகை எவ்வளவு காலம் நீளும் என்பதற்கு அளவுகோலாயிற்று.

இரண்டாவது, பிரெஞ்சுத் தரப்பு எறிந்த தீக்குடுக்கைகள் ஏறத்தாழ 8,000. புதுச்சேரிக் கிடங்கில் இருந்தவை அனைத்தும் இதில் தீர்ந்தன. அவற்றுள் மிகப் பெரும்பான்மை கோட்டையின் அரண்களை அன்றி உள்ளிருந்த கட்டடங்களையே இலக்காகக் கொண்டன என்றும், அதனால் கட்டடங்கள் பெரிதும் சிதைந்தன என்றும் ஓர்ம் எழுதுகிறார். அரண்கள் வீழாமல் கட்டடங்கள் வீழ்ந்தன, கோட்டை பிடிபடவில்லை. எறிபொருளைத் தேர்ந்ததில் நேர்ந்த பிழை முற்றுகையின் தோல்விக்குக் காரணங்களுள் ஒன்று என்று இதனைக் கொள்ளலாம். 'பிரெஞ்சுக்காரர் குண்டுமழை பொழிந்தனர்' என்று எழுதும்போது இவ்வுண்மை மறைந்துவிடுகிறது.

மூன்றாவது, 1,990 என்ற கையெறி குண்டுகளின் எண்ணிக்கை. கையால் வீசத்தக்க தொலைவு சில கெஜங்களே. ஆகவே முற்றுகையிட்டோரின் பதுங்குகுழிகள் கோட்டையின் அடிவாரம் வரை வந்துவிட்டிருந்தன என்பதை இவ்வெண் ஒன்றே காட்டும்.

இக்கணக்கு கூறாமல் விடுவதும் ஒன்றுண்டு. கறுப்பர் நகரக் கிணறுகளிலும் குளங்களிலும் குண்டுகள் கிடந்தன என்றால், அவற்றைச் சூழ்ந்திருந்த வீடுகளின் மேலும் குண்டுகள் விழுந்திருத்தல் வேண்டும். அங்கு வாழ்ந்தோர் தமிழரும் தெலுங்கரும் பிற வணிகக் குடிகளும் ஆவர். பொறுக்கிய குண்டுகளுக்குக் கணக்குண்டு. அவ்வீடுகளுக்கு இப்பட்டியலில் இடமில்லை.

7. பாஞ்சாலங்குறிச்சியின் மண்சுவர்

குண்டின் வகையோடு அது மோதும் பொருளின் வகையும் எண்ணத்தக்கது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை கருங்கல்லால் ஆனதன்று. 1801இல் அங்குப் போரிட்ட ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்ட, முழுதும் மண்ணால் எழுப்பப்பட்ட கோட்டை என்று தம் நினைவுக்குறிப்புகளில் விவரிக்கிறார். அதனைச் சுற்றி முள்வேலி இருந்தது.

1799 செப்டம்பரில் பானர்மன் படையும் 1801 மார்ச்சு இறுதியில் மெக்காலே படையும் முதல் தாக்குதலில் பேரிழப்புடன் பின்வாங்கின. இவ்விரு நிகழ்ச்சிகளையும் வீரர்களின் மறத்திற்குச் சான்றாக மட்டும் கூறுவது நம் மரபு. மறம் உண்மையே, அதனோடு மண்ணின் இயல்பும் சேர்ந்தது. கல் குண்டின் விசையை ஏற்றுப் பிளக்கும். ஒரு கல் பெயர்ந்தால் அடுத்த கல்லும் நிலைதளரும். பிசைந்து உலர்ந்த கெட்டிமண் பிளப்பதில்லை, குண்டை விழுங்கிக்கொள்ளும். எளிதில் உடைப்பும் விழாது. விழுந்த உடைப்பை இரவோடிரவாகக் குழைத்தமண்ணால் அடைக்கவும் இயலும். படையோடு வந்த சிறு பீரங்கிகள் கல்மதிலைக் கருதி அமைந்த போர்முறையின் கருவிகள். அவை இம்மண்ணின் முன் வலுவிழந்தன. ஐரோப்பாவிலும் கல்மதில்களின் முன்னும் பின்னும் மண்ணைக் குவிக்கும் வழக்கம் பீரங்கிக்குப் பின்னரே பெருகியது என்பதை நோக்க, மண்கோட்டையை வறுமையின் அடையாளமாகக் கருதும் எண்ணம் பொருந்தாது என்பது விளங்கும்.

ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய அக்கோட்டை, கூடுதல் படையும் பெரும்பீரங்கிகளும் வந்துசேர்ந்த பின்னரே, ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, 1801 மே 24இல் அக்னியூவின் தலைமையில் வீழ்ந்தது. அப்போதும் உடைப்பின் மறுபுறம் நீண்ட ஈட்டிகளுடன் நின்றோரைக் கையெறி குண்டுகளாலும் நெருங்கிய சூட்டினாலும் வீழ்த்திய பிறகே உட்புக முடிந்தது. தொலைவிலிருந்து சுடும் கருவி அன்று போரை முடிக்கவில்லை. கையெட்டும் தொலைவில் வீசப்பட்ட சிறு குடுக்கையே முடித்தது.

கட்டபொம்மன் கதைப்பாடல்களையும் கான்சாகிபு சண்டை முதலிய பிற கதைப்பாடல்களையும் ஆராய்வோர், அவற்றில் குண்டு, மருந்து, வாணம் ஆகிய சொற்கள் வரும் இடங்களைத் தொகுத்து, அக்காலக் கருவியறிவோடு ஒப்பிடுவது பயன்தரும். எவ்விடங்கள் கண்டோர் வாய்மொழியிலிருந்து வந்தவை, எவ்விடங்கள் காப்பியப் போர்வருணனையிலிருந்து வந்தவை என்று பகுப்பதற்கு இவ்வொப்பீடு ஒரு கருவியாகும்.

8. புதுச்சேரி: ஒரு மூதாட்டி

1748 ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை கடற்படைத் தலைவர் போஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். நகரத்துள் துபாஷியாக இருந்து நிகழ்ச்சிகளைத் தமிழில் நாள்தோறும் பதிந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761). முற்றுகைகளை நகரத்தின் உள்ளிருந்து நோக்கும் அரிய சான்று அவர் நாட்குறிப்பு.

ஆழம் போதாமையால் ஆங்கிலக் கப்பல்கள் கரையை நெருங்க இயலவில்லை. தொலைவிலிருந்து அவை சுட்ட திண்குண்டுகள் மதிலை உடைக்கும் விசையை இழந்தன. அலையில் ஆடும் கப்பலிலிருந்து ஒரே இடத்தைத் திரும்பத் தாக்கவும் இயலாது. நோயும் மழையும் தோல்வியும் சேர்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியரை இழந்து போஸ்கவன் முற்றுகையைக் கைவிட்டார். கடலிலிருந்து நிகழ்ந்த அப்பெருந்தாக்குதலால் நகரத்துள் இறந்தது தெருவில் சென்ற ஏழை 'மலபார்' மூதாட்டி ஒருத்தியே என்ற செய்தி ஆங்கில நூல்களில் கூறப்படுகிறது. அக்கால ஐரோப்பியர் தமிழரையும் 'மலபார்' என்றே அழைத்தனர் என்பது அறிஞர் அறிந்ததே.

இச்செய்தி கப்பற்படையின் பயனின்மையை எள்ளுவதற்காகச் சொல்லப்பட்டது. இலக்கைத் தவறிய குண்டு பயனற்றது என்பது படைத்துறைக் கணக்கு. அக்குண்டுக்கு இலக்காகாத ஒருத்திக்கு அதுவே இறுதி. அவள் பெயரை அந்நூல்கள் சுட்டவில்லை. தமிழறிந்தோர் இக்காலப் பதிவுகளைப் படிக்கும்போது கணக்கின் இந்த மறுபக்கத்தையும் தேட வேண்டியுள்ளது.

9. பிற்காலத் தொடர்ச்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குழல் உட்புறம் மரைவெட்டப்பட்டது. உருண்டைக் குண்டு நீளுருவம் பெற்றது. இரும்புச் சுவர்களும் கப்பற்கவசமும் மாறின. தீக்குடுக்கையின் வழித்தோன்றலே மேலோங்க, திண்குண்டு பின்தங்கியது. இன்று 155 மி.மீ. பீரங்கிகள் எறிவனவற்றுள் வெடிப்பவை, புகைதிரையிடுபவை, இரவில் ஒளியூட்டுபவை எனப் பல உண்டு. தரையைத் தொட்டதும் வெடிப்பதா, தரைக்குச் சற்று மேலே வெடிப்பதா, புதைந்தபின் வெடிப்பதா என்பதை முனையிலுள்ள பொறி முடிவுசெய்கிறது. மரக்குழல் திரியை வெட்டியவன் செய்த கணிப்பின் வளர்ச்சியே இது.

தமிழ்ச்சொல் வளத்தைப் பொறுத்தவரை கருதத்தக்க மாற்றம் இலங்கையில் நிகழ்ந்தது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரினூடே ஈழத்தமிழில் ரவை, ஷெல், எறிகணை, கொத்துக்குண்டு என்னும் சொற்கள் தெளிந்த வேறுபாட்டுடன் வழங்கலாயின. அவை அகராதிக்குழு அமர்ந்து ஆக்கிய கலைச்சொற்கள் மட்டுமல்ல. ஓசையைக் கேட்டு வருவது எது என்று அறிந்து, படுப்பதா ஓடுவதா என்று முடிவுசெய்ய வேண்டியிருந்த மக்களின் பேச்சிலும் அவை இடம்பெற்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் தீக்குடுக்கையைக் குண்டிலிருந்து பிரித்துப் பெயரிட்டவரும் இத்தகைய தேவைக்கு ஆட்பட்டவரே எனக் கருதலாம். எறிபொருளின் கீழ் வாழ நேர்ந்த தமிழ் அவற்றைப் பிரித்தறிந்தது. அத்தேவை நீங்கிய தமிழ் அவற்றை ஒன்றாக்கியது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் கருத்துகள் வருமாறு: பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் திண்குண்டு சுவருக்கும் படைவரிசைக்கும், தீக்குடுக்கை மதிலுக்குள் வாழ்வோருக்கும், சிதறுவகைகள் நெருங்கிவந்த படைக்கும், வாணம் கலைக்கத்தக்க கூட்டத்திற்கும் உரியனவாக இருந்தன. சென்னை முற்றுகையின் கணக்கு இவ்வேறுபாட்டை எண்களால் காட்டுகிறது. பாஞ்சாலங்குறிச்சி, குண்டின் ஆற்றல் அது மோதும் பொருளைப் பொறுத்தது என்பதைக் காட்டுகிறது. குண்டு, தீக்குடுக்கை என்ற பழம்பகுப்பு தமிழில் இருந்து மறைந்ததால் பதிவுகளைப் பொருள்கொள்வதில் இடர்ப்பாடு நேர்கிறது.

ஆகவே நாட்குறிப்புகள், கதைப்பாடல்கள், கும்பினி ஆவணங்களின் தமிழாக்கங்கள் ஆகியவற்றைப் பதிப்பிப்போர் போர்க்கருவிச் சொற்களுக்குத் தனிச்சொல்லடைவு அமைத்தல் வேண்டும். ஆங்கில மூலத்தில் வேறுவேறாக உள்ள சொற்களைக் 'குண்டு' என்ற ஒரே சொல்லால் பெயர்க்கும் வழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும். வழக்கொழிந்த தீக்குடுக்கையை வரலாற்றெழுத்தில் மீண்டும் ஆள்வதும் தகும். 'குண்டு விழுந்தது' என்ற தொடர் போரின் ஓசையை மட்டுமே சொல்கிறது. எது விழுந்தது, எங்கிருந்து, யார்மேல் என்பதைச் சொல்லும்போதே அது வரலாறாகிறது.